பத்தாம் மெட்டு

எங்கள் அப்பா 2018இல் மறைந்தபோது விட்டுச்சென்றவை மிகக் குறைவு. தூத்துக்குடியில் ஓட்டு வீடு ஒன்று, உப்பள அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் கணக்கெழுதியதற்குச் சாட்சியாக நான்கைந்து பேரேடுகள், மூக்குக்கண்ணாடிகள் இரண்டு, மின்கிதார் ஒன்று. வீட்டைப் பற்றி எங்களுக்குள் பேச்சு எழவில்லை. அம்மா அதில் இருக்கிறார். பேரேடுகள் பரணுக்குப் போயின. கிதார் மட்டும் அலமாரிக்கும் சுவருக்கும் இடையில், பழைய போர்வை ஒன்றைச் சுற்றிக்கொண்டு பல ஆண்டுகள் நின்றது.

நாங்கள் என்று இங்கே குறிப்பது அக்காவும் தம்பியுமான இருவரை. இக்கட்டுரையை இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். ஒருவர் எழுதியதை மற்றவர் அடித்துத் திருத்தியிருக்கிறார். எனவே இதிலுள்ள பிழைகளுக்கும் இருவருமே பொறுப்பு. கிதாருக்கு நேர்ந்த பிழைக்கும் அப்படியே.

கடந்த ஆண்டு கோடை விடுமுறையில், எங்களில் மூத்தவரின் மகள் கிதார் கற்க வேண்டும் என்றாள். அவளுக்கு வயது பதினான்கு. கடையில் புதிது வாங்கித் தரலாம் என்று ஒருவர் சொல்ல, தாத்தாவின் கிதார் இருக்கும்போது எதற்கு என்று மற்றவர் கேட்டார். போர்வையைப் பிரித்தோம். உடல் நன்றாகவே இருந்தது. தந்திகள் துருவேறியிருந்தன, அவற்றை மாற்றுவது எளிது. விரல்பலகையைப் பார்த்தபோதுதான் மனம் சோர்ந்தது. அதில் பதித்திருந்த வெண்புள்ளிகளில் மூன்று உதிர்ந்து, அந்த இடங்களில் அழுக்கடைந்த குழிகள் இருந்தன. எஞ்சியவை பழுத்து, நிக்கோட்டின் ஏறிய பல்லின் நிறத்தில் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டுப் புதியன பதிப்பதென்று முடிவு செய்தோம்.

கிதாரைத் தொட்டிராத நண்பர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். கிதாரின் கழுத்தின்மேல் ஒட்டிய மெல்லிய மரப்பலகையே விரல்பலகை. எங்கள் கிதாரில் அது ஈட்டி மரம். அதன் குறுக்கே உலோக மெட்டுகள் இறங்கியிருக்கும். எஞ்சிய தந்தி நீளத்தில் ஏறத்தாழ 17.8இல் ஒரு பங்கை ஒவ்வொரு மெட்டாகக் கழித்துக்கொண்டே போனால், பன்னிரண்டாவது மெட்டு தந்தியைச் சரிபாதியாக வெட்டும். சுரம் ஒரு ஸ்தாயி ஏறிவிடும். எங்கள் கிதாரில் தலைப்பக்கத்துத் தாங்கியிலிருந்து குதிரைவரை 648 மில்லிமீட்டர். பன்னிரண்டாம் மெட்டு 324இல் நிற்கிறது.

புள்ளிகள் இந்தக் கணக்கில் எங்கும் வருவதில்லை. அவை ஒலியை உண்டாக்குவதும் இல்லை, மாற்றுவதும் இல்லை. ஒரே மாதிரி தோன்றும் இருபத்தோரு கட்டங்களில் விரல் எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குச் சொல்வது ஒன்றே அவற்றின் வேலை. பொதுவழக்கில் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது ஆகிய கட்டங்களில் ஒவ்வொன்று, பன்னிரண்டில் இரண்டு, பிறகு பதினைந்து, பதினேழு, பத்தொன்பது, இருபத்தொன்று. தஞ்சாவூர் வீணைக்கு இருபத்துநான்கு மெட்டுகள். அடையாளம் ஒன்றும் கிடையாது. மெழுகில் மேளம் கட்டி முடித்துவிட்டால், அதன்பின் வாசிப்பவரின் பாடு. கிதார் கொஞ்சம் இரக்கம் காட்டும் கருவி.

இரக்கம் காட்டத் தொடங்கியது பிறகு அழகு காட்டவும் தொடங்கிற்று. 1952இல் வெளிவந்த கிப்ஸன் லெஸ் பால் கிதாரில் சரிவக வடிவப் பதிப்புகள் வந்தன. ஃபெண்டர் கிதார்கள் பெரும்பாலும் எளிய வட்டங்களோடு நின்றன. 1959 முதல் 1964 வரை அவற்றின் ஈட்டிமரப் பலகைகளில் பதித்த மங்கிய வெண்புள்ளிகளைச் சேகரிப்பாளர்கள் இன்றும் ‘களிமண் புள்ளிகள்’ என்றே அழைக்கிறார்கள். அவை களிமண்ணால் ஆனவை அல்ல என்றாலும் பெயர் நிலைத்துவிட்டது. உயர்ந்த கருவிகளில் முத்துச்சிப்பியின் உட்புற ஓட்டை வெட்டிப் பதிப்பார்கள். மலிவானவற்றில் அதன் பளபளப்பைப் போலி செய்யும் செல்லுலாய்ட்.

எங்கள் அப்பாவின் கிதார் மலிவானது. 1979இல் கல்கத்தாவில் செய்யப்பட்டு, சென்னைக் கடையொன்றின் வழியாகத் தவணையில் வந்து சேர்ந்தது. பகலில் உப்பளக் கணக்கு, இரவில் மெல்லிசைக் குழு. ஆறுமுகநேரி, உடன்குடி, ஏரல் பக்கத்துக் கோயில் கொடைகளில் எல்லாம் அப்பா வாசித்திருக்கிறார். வீட்டில் இருக்கும் மேடைப் புகைப்படங்கள் அனைத்திலும் அவர் தலை குனிந்தே இருக்கிறது. பாடகர் கூட்டத்தைப் பார்க்கிறார், தபேலாக்காரர் பாடகரைப் பார்க்கிறார், அப்பா கிதாரின் கழுத்தைப் பார்க்கிறார். கூச்ச சுபாவம் என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

அந்தக் கிதாரில் ஒரு விசித்திரம் உண்டு. ஒன்பதாம் கட்டத்தில் இருக்க வேண்டிய புள்ளி பத்தாம் கட்டத்தில் இருந்தது. சிறு வயதில் எங்களுக்கு இது தெரியாது. எங்களில் இளையவர் கல்லூரி விடுதியில் முதன்முதலாக இன்னொரு கிதாரைப் பார்த்தபோது, அதில்தான் தவறு இருக்கிறது என்று அதன் உரிமையாளரிடம் வாதிட்டுப் பெயர் கெட்டார். உண்மை தெரிந்தபின், மலிவான தொழிற்சாலையில் எவரோ கவனமின்றித் துளையிட்டுவிட்டார் என்ற முடிவுக்கு வந்தோம். அப்பாவிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அளவுக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

எனவே எங்கள் திட்டத்தில் இரண்டு வேலைகள் இருந்தன. பழைய புள்ளிகளுக்குப் பதிலாகப் புதியன பதிப்பது ஒன்று. பத்தாம் கட்டத்துப் பிழையைத் திருத்துவது மற்றொன்று. பயிற்றுவிப்பவர் யாராயினும் ‘ஒன்பதாம் புள்ளியில் விரலை வை’ என்றுதான் சொல்வார். பிள்ளை பத்தில் வைத்துவிட்டு விழிக்கக் கூடாதல்லவா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முற்றத்தில் செய்தித்தாளை விரித்து அமர்ந்தோம். தந்திகளைத் தளர்த்தி எடுத்தோம். கழுத்தை உடலோடு பிணைக்கும் நான்கு திருகாணிகளைக் கழற்றினோம். கழுத்து தனியாகக் கையில் வந்தபோது ஒரு நொடி இருவருமே பேசவில்லை. படகிலிருந்து துடுப்பை எடுத்ததுபோல் அவ்வளவு இலேசாக இருந்தது.

புள்ளியைப் பெயர்ப்பதற்குச் சிலர் சூட்டுக்கோலை அதன்மேல் வைத்துப் பசையை இளக்குவார்கள். செல்லுலாய்டாக இருந்தால் இது ஆபத்து. முன்பே உடைந்து கிடந்த ஒரு சில்லில் தீக்குச்சியைக் காட்டிப் பார்த்தோம். கற்பூரம்போல் பொசுக்கென்று எரிந்து போயிற்று. ஆகவே இரண்டாவது வழியைக் கைக்கொண்டோம். புள்ளியின் விளிம்பைச் சுற்றிக் கூரிய கத்தியால் கீற வேண்டும். இல்லாவிட்டால் மரநார் சேர்ந்து பிய்ந்துவிடும். பிறகு நடுவில் ஒன்றரை மில்லிமீட்டர் துளையிட்டு, சிறு திருகாணி ஒன்றைச் செலுத்தி, அதைக் குறட்டால் பற்றி நேர்மேலாக இழுக்க வேண்டும். பழைய செல்லுலாய்ட் காலப்போக்கில் சுருங்கிவிடுவதால் பெரும்பாலும் எளிதாக வந்துவிடும். மூன்றாம் கட்டத்துப் புள்ளி ஒரு பல் விழுவதுபோல் விழுந்தது. ஐந்தும் ஏழும் அப்படியே. எங்களுக்குத் தைரியம் வந்துவிட்டது.

பத்தாம் கட்டத்தில் துளைப்பான் இறங்க மறுத்தது. மற்றவற்றில் மஞ்சள் சுருள்களாக வந்த பிசிறு, இதில் வெண்மாவாக வந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாததற்கு இன்றுவரை ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொள்கிறோம். ஒருவர் அழுத்தினார், மற்றவர் ‘இன்னும் கொஞ்சம்’ என்றார். திருகாணியை உள்ளே செலுத்தியபோது மெல்லிய ஓசை ஒன்று கேட்டது. புள்ளி நடுவே இரண்டாகப் பிளந்திருந்தது. இரு பாதிகளையும் கத்தி முனையால் நெம்பி எடுத்துச் செய்தித்தாளின்மேல் வைத்தோம்.

அப்போதுதான் அம்மா தேநீர் கொண்டுவந்தார். தட்டை வைத்தவர், குனிந்து அந்த இரண்டு துண்டுகளையும் பார்த்தார்.

“ஏன் இத ஒடச்சிய?” என்று கேட்டார்.

பழைய பிளாஸ்டிக் என்றும், புதியது போடப்போகிறோம் என்றும் சொன்னோம்.

“பிளாஸ்டிக்குன்னா நெனச்சிய? அது சங்குல்லா. உங்கப்பா மூணு நாள் இந்தத் திண்ணையில இருந்து ஒரசுனது.”

நாற்பது ஆண்டுகளாக நாங்கள் கேட்காத கேள்விக்கு அம்மா அரை மணி நேரத்தில் விடை சொல்லி முடித்தார். அப்பா முதலில் கற்றது மண்டலின். இது எங்களுக்கும் தெரிந்த செய்திதான். திருமணத்திற்கு முன்னமே பத்தாண்டுகள் மண்டலின் வாசித்தவர், குழுவுக்குக் கிதார்தான் தேவை என்றதும் மாறிக்கொண்டார். கிதார் வந்த புதிதில் ஒரு கொடையில், பாட்டின் இடையிசையை அவர் தனியாக வாசிக்க வேண்டிய இடத்தில், முழுவதும் அரைச் சுரம் இறங்கி ஒலித்துவிட்டது. ஒலிபெருக்கியில் ஊரே கேட்டது. பாட்டு முடிந்ததும் குழுத்தலைவர், ஒலிவாங்கியை அணைக்காமலே, நாலு பேர் சிரிக்கும்படி ஏதோ சொன்னார். அன்றிரவு அப்பா வீட்டுக்கு வந்து சோறு உண்ணவில்லை. அந்தப் புள்ளி என்னை ஏமாற்றிவிட்டது என்று அம்மாவிடம் மட்டும் சொன்னார். அடுத்த வாரம் சங்குத்துண்டு ஒன்றைக் கொண்டுவந்து திண்ணையில் உட்கார்ந்தார்.

மண்டலினில் மூன்றாம் புள்ளிக்கும் ஐந்தாம் புள்ளிக்கும் ஏழாம் புள்ளிக்கும் அடுத்து வருவது பத்தாம் புள்ளி. ஒன்பதில் ஒன்றும் இராது. கிதாருக்கும் மண்டலினுக்கும் வழக்கம் அப்படிப் பிரிந்திருக்கிறது. பத்தாண்டுகள் பழகிய கண், ஏழைத் தாண்டியவுடன் தெரியும் முதல் வெண்மையைப் பத்து என்றே எடுத்துக்கொள்ளும். மேடை வெளிச்சத்தில், நான்கு நொடி இடையிசையில், எண்ணிப் பார்க்க எவருக்கு நேரம் இருக்கிறது? ஒன்பதாம் கட்டத்தின் நடுவிற்கும் பத்தாம் கட்டத்தின் நடுவிற்கும் உள்ள தூரத்தை அன்று அளந்து பார்த்தோம். 22 மில்லிமீட்டர். ஒரு மனிதர் ஊர் நடுவே தலைகுனிய அந்தத் தூரம் போதுமானதாக இருந்திருக்கிறது.

பிறகு இன்னொன்றும் தெரிந்தது. ஈரத் துணியால் பலகையைத் துடைத்தபோது, எட்டாம் மெட்டுக்கும் ஒன்பதாம் மெட்டுக்கும் நடுவே, மிக மெல்லிய வட்டக்கோடு ஒன்று எழுந்து, ஈரம் உலர்ந்ததும் மறைந்தது. மீண்டும் நனைத்தோம், மீண்டும் எழுந்தது. தொழிற்சாலை பதித்த புள்ளியை எடுத்துவிட்டு, அந்தக் குழியை அப்பா ஈட்டி மரத்தாலேயே அடைத்திருக்கிறார். உருண்டைக் கட்டையிலிருந்து துண்டு நறுக்கி அடைத்தால் மரத்தின் வெட்டுமுகம் கருத்துக் காட்டிக்கொடுத்துவிடும். அவர் பலகையின் முகத்திலிருந்தே வட்டம் வெட்டியெடுத்து, நார் ஓட்டம் கழுத்தின் நார் ஓட்டத்தோடு இணையும்படி திருப்பி வைத்திருந்தார். நாற்பது ஆண்டுகள் அதன்மேல் எங்கள் கண்கள் போய் வந்தும் நாங்கள் அறியவில்லை. தவறிழைத்த தொழிலாளி என்று நாங்கள் நினைத்திருந்தவர் அப்பாதான். அவர் செய்ததோ அந்தக் கருவியிலேயே நேர்த்தியான வேலை.

அன்று மாலை எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. ஒருவர், எல்லாவற்றையும் அப்படியே ஒட்டிவைத்துக் கிதாரைப் போர்வைக்குள் திருப்பி அனுப்பிவிடலாம் என்றார். பிள்ளைக்குப் புதிது வாங்கிக்கொள்ளலாம். இனி இதில் கை வைக்க நமக்குத் தகுதியில்லை. மற்றவர், அப்பா இதைப் பூசை அறைப் பொருளாக நினைத்திருந்தால் துளைப்பானை எடுத்திருப்பாரா என்று கேட்டார். வாசிப்பதற்குத் தடையாக இருந்ததை அவர் மாற்றினார். இன்று வாசிக்கப்போகும் பிள்ளைக்கு அவருடைய மாற்றமே தடையாகிறது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. குரல் சற்று உயர்ந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. உடைத்துவிட்ட வருத்தம் இருவருக்கும் கோபமாக வெளிப்பட்டது என்று இப்போது தோன்றுகிறது.

முடிவு கருவியின் அமைப்பிலேயே கிடைத்தது. கிதாரை மடியில் வைத்து ஒழுங்காக நிமிர்ந்து வாசிப்பவருக்கு விரல்பலகையின் முகம் சரியாகத் தெரியாது. அது எதிரே இருப்பவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். வாசிப்பவருக்கென்று, கழுத்தின் மேல்விளிம்பில், இரண்டு மில்லிமீட்டர் அளவில் சிறு பக்கப்புள்ளிகள் இருக்கும். நல்ல கிதார்கள் பெரும்பாலானவற்றில் அவை உண்டு. எங்கள் மலிவுக் கிதாரில் தொழிற்சாலை அவற்றை இடவே இல்லை. அப்பாவின் புகைப்படங்களுக்கும் அன்றுதான் பொருள் விளங்கியது. அவர் கூச்சத்தால் குனியவில்லை. தாம் பதித்த புள்ளியைத் தேடிக் குனிந்திருக்கிறார்.

ஆகவே பலகையின் முகத்தை அப்பா விட்டுச்சென்ற வரிசையிலேயே விடுவதென்றும், விளிம்பில் பிள்ளைக்குப் பொதுவழக்குப்படி பக்கப்புள்ளிகள் வைப்பதென்றும் தீர்மானித்தோம்.

மீதி வேலை பொறுமையை மட்டும் கேட்டது. வரவழைத்த சிப்பிப் புள்ளிகள் 6 மில்லிமீட்டர் விட்டம். பழைய குழிகளோ கால் அங்குலம், அதாவது 6.35. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் என்று நினைத்தோம். வைத்துப் பார்த்தால் தொளதொளவென்று ஆடின. ஈட்டி மரத்தை உப்புத்தாளில் தேய்த்துத் தூளெடுத்து, எபாக்சி பசையில் குழைத்து இடைவெளியை நிரப்பினோம். புள்ளி பலகையைவிட மயிரிழை உயர்ந்து நிற்கும்படி பதிக்க வேண்டும். பலகை இலேசாக வளைந்தது, சிப்பியோ தட்டையானது. தாழ்ந்து போனால் நடுவில் பள்ளமாகிவிடும். பசை இறுகியபின், மெட்டுகள்மேல் ஒட்டுத்தாள் சுற்றி மறைத்து, சிறு கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, 320இல் தொடங்கி 600 வரை தேய்த்துச் சமன் செய்தோம். சிப்பித் தூள் நுரையீரலுக்குக் கேடு. தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதும் முகக்கவசம் அணிவதும் கட்டாயம்.

பத்தாம் கட்டத்திற்கு வேறு சங்கு வெட்டிக்கொள்ளலாம் என்று அம்மாவே சொன்னார். தூத்துக்குடியில் சங்குக்குப் பஞ்சமில்லை. முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுவிட்டது. சங்கு குளிப்பது நிற்கவில்லை. இங்கே எடுக்கும் சங்குகள் கல்கத்தாவுக்குப் போய் அங்கே மணமான பெண்களின் வளையல்களாகும். அந்த ஊரிலிருந்து வந்த கிதாருக்கு இந்த ஊர்ச் சங்கை அப்பா பதித்தார். அப்படி எண்ணிச் செய்திருக்க மாட்டார். கையருகே கிடைத்த கெட்டியான வெள்ளைப் பொருள் அதுவாக இருந்திருக்கும். வேறு வெட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. உடைந்த இரு பாதிகளையும் சேர்த்து ஒட்டினோம். நடுவில் நாங்கள் இட்ட துளையை, செய்தித்தாளில் சேர்ந்திருந்த அதன் வெண்மாவைக் கொண்டே அடைத்தோம். மற்றப் புள்ளிகள் இப்போது வெளிச்சத்தில் வானவில் காட்டுகின்றன. இது மட்டும் பால்போல் மங்கலாக, குறுக்கே ஒரு கோட்டோடு இருக்கிறது. அந்தக் கோடு எங்களுடையது.

புதுத் தந்திகள் ஏற்றிச் சுருதி கூட்டினோம். ஒலியில் மாற்றம் ஏதும் இல்லை. இருக்கவும் இருக்காது.

பிள்ளை இப்போது ஓராண்டாகக் கற்கிறாள். விளிம்புப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு, முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து வாசிக்கிறாள். அவளுடைய ஆசிரியர் ஒருநாள் கிதாரை வாங்கிப் பார்த்துவிட்டு, பத்தாம் கட்டத்துப் புள்ளி இடம் மாறியிருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து கேட்டாள். கொடையில் நடந்ததையும், குழுத்தலைவர் சொன்னதையும், மூன்று நாள் உரசியதையும், நாங்கள் உடைத்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னோம். சங்குப் புள்ளியின்மேல் விரலை வைத்துச் சிறிது நேரம் தேய்த்துப் பார்த்தாள்.

“அப்போ தாத்தாவோட மண்டலின் எங்கே?” என்று கேட்டாள்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்பாவின் மண்டலினை நாங்கள் இருவருமே கண்டதில்லை. கிதார் வாங்க அதை விற்றாரா, எவருக்காவது கொடுத்தாரா, உடைந்து போயிற்றா என்பது எங்களுக்குத் தெரியாது. அம்மா உள்ளே உறங்கிக்கொண்டிருந்தார். இந்த முறை, அவர் எழுந்ததும் கேட்டுவிடுவது என்று உட்கார்ந்திருந்தோம்.